அப்பாவின் பேரில் ஒரு காட்டுக்குக் காசு கொடுப்பதென்றால்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர். இளவயதில் வில்பத்துத் தேசியப் பூங்காவின் ஓரங்களில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். போரினால் மூடப்படாமல் காடு திறந்திருந்த காலமெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய்வராவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. வருகிற ஆனியில் அவருடைய ஆண்டுத் திவசம். வழக்கம்போல ஓர் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பதோடு, மூன்று இலட்சம் ரூபாவை ஏதாவது ஒரு தேசியப் பூங்காவுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் போய்ச்சேருமா, கனடாவில் இருக்கும் அண்ணா சொல்வதுபோல ஒரு யானைக்குட்டியைத் தத்தெடுக்கலாமா, வரிச்சலுகை உண்டா என்பதெல்லாம் அவருடைய கேள்விகள்.

நான் கணக்காய்வு வேலையில் முப்பது வருடம் இருந்தவன். சனி ஞாயிறுகளில் காடு, பறவை என்று திரிந்ததில் இரண்டு மூன்று சங்கங்களின் கணக்குப் புத்தகங்களும் என் மடியில் வந்து விழுந்தன. ஆகவே காட்டுப் பக்கத்தாலும் காசுப் பக்கத்தாலும் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், தம்பி. வில்பத்துவின் பரப்பு 1,317 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாவட்டத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் மூன்று இலட்சத்தை அதன்மேல் சமமாகத் தூவினால் ஹெக்டயருக்கு இரண்டு ரூபா சொச்சம் விழும். ஒரு டொபிகூட வாங்க முடியாது. மனதை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. 'பூங்காவைக் காப்பாற்ற' என்று பொதுவாகக் கொடுத்தால் காசு மணலில் ஊற்றிய தண்ணீர். எந்த ஓட்டையை அடைக்க என்று தெரிந்து கொடுத்தால் அதே மூன்று இலட்சம் பெரிய காசு.

நம் நாட்டில் தேசியப் பூங்காக்கள் அரசின் நிலம். அவற்றை நடத்துவது பத்தரமுல்லையில் தலைமையகம் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் அதன் பிடிமானம். சிங்கராஜா போன்ற காடுகள் வனவளத் திணைக்களத்தின் கீழ் வருபவை, அது வேறு அலுவலகம், வேறு சட்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் சிங்கராஜாவுக்கு என்று எழுதிய கடிதத்தை ஒரு மாதம் தவறான மேசையில் தூங்கவிட்டவர்களை நான் அறிவேன், அவர்களில் நானும் ஒருவன். சரி, அது போகட்டும். உத்தியோகத்தர்களின் சம்பளம், ஜீப்புக்கு டீசல், பாதை திருத்தம் எல்லாம் திறைசேரியிலிருந்து வரவேண்டியவை. அவற்றை நன்கொடையால் நிரப்பப் போனால் முடிவே கிடையாது. அதோடு, வெளியார் தருகிறார்களே என்று அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அந்த ஒதுக்கீடு மெல்லச் சுருங்கவும் கூடும். அரசுப் பணம் போகாத, அல்லது போக முடியாத இடம் எது என்று பார்த்து அங்கே வைப்பதுதான் சிறிய காசுக்கு நல்லது. என் அனுபவத்தில் அப்படியான இடங்கள் பெரும்பாலும் பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன.

வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். அமெரிக்காவில் பணக்காரர் நிலத்தையே வாங்கிப் பூங்காவுக்குக் கொடுத்த வரலாறு உண்டு. ஜோன் டி. ரொக்ஃபெல்லர் ஜூனியர் ஒரு கம்பனியின் பெயரில், தான்தான் வாங்குகிறேன் என்று வெளியே தெரியாமல், வயோமிங் மாநிலத்தில் 30,000 ஏக்கருக்கு மேல் வாங்கி 1949இல் அரசுக்குக் கொடுத்தார். இன்றைய கிராண்ட் டீட்டன் பூங்காவில் அது பெரிய துண்டு. விஷயம் வெளியே வந்தபோது அங்கிருந்த மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிலியில் டொம்ப்கின்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியின் அமைப்பு ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கரைக் கொடுத்துப் புதிய பூங்காக்கள் உருவாகின. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு நன்கொடை திரட்டுவதற்கென்றே அந்நாட்டுக் காங்கிரஸ் 1967இல் ஓர் அறக்கட்டளையை அமைத்தது. அது தவிர ஒவ்வொரு பெரிய பூங்காவுக்கும் 'நண்பர்கள்' என்று ஒரு சங்கம் இருக்கும். பூங்கா அதிகாரி 'எனக்கு இந்தப் பாதை, இந்தப் படிப்பு நிகழ்ச்சி வேண்டும்' என்று பட்டியல் கொடுப்பார், சங்கம் அதற்கு மட்டும் காசு சேர்க்கும். பக்கத்து இந்தியாவிலும் 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளைகள் வந்துவிட்டன. நமக்கு வில்பத்து நண்பர்கள், குமணை நண்பர்கள் என்று அப்படியொரு வாசல் கிடையாது. பொதுவான சங்கங்கள் மூலமாகத்தான் போகவேண்டும்.

ஆனால் சங்கங்களுக்கு இங்கே வயது அதிகம், பூங்காக்களைவிட அதிகம். வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் யார் என்றால் வேட்டைக்காரர்கள். துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார், இப்படியே போனால் சுட ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து கூடிய கூட்டம் அது. அந்தப் பயம் காலப்போக்கில் நிறம் மாறி, யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்களாவதற்கு முன்னின்று உழைத்தது. இன்று அது பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சங்கம். கொழும்பில் நடக்கும் அதன் பொது விரிவுரைகளுக்குக் காசு கொடுக்காமலே போய் உட்காரலாம். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கேள்வி நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

இனி என் சொந்தத் தலைக்குனிவு ஒன்று. பல வருடங்களுக்கு முன் கடும் வரட்சி. உலர் வலயத்துப் பூங்கா ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு குளம் வற்றிப் பிளந்து கிடந்தது. நாங்கள் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காசு போட்டு, குழாய்க்கிணறு ஒன்றுக்குச் சூரிய சக்தியில் ஓடும் நீர்ப்பம்பி வாங்கிக் கொடுத்தோம். திறப்பு விழா நடந்தது. வெற்றிலை, குத்துவிளக்கு, மாலை, மதியச் சாப்பாடு. கருங்கல்லில் எங்கள் எல்லோருடைய பெயரும். அந்தக் கல்லுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவை நான்தான் கணக்கில் எழுதினேன், பம்பியின் விலையில் கிட்டத்தட்டக் காற்பங்கு.

பதினாலு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பம்பி ஓடவில்லை. சின்னதாக ஒரு பாகம் போய்விட்டது, மாற்ற யாரிடமும் காசு இல்லை. அரசாங்கப் பொருட்பதிவில் அது ஏறியிருக்கவில்லை என்பதால் திணைக்களக் காசில் திருத்தவும் முடியாதாம். சூரியத் தகட்டின் மேல் குரங்கு எச்சம். கீழே வயர் இருந்த இடத்தில் வயர் இல்லை. அங்கே காவலுக்கு இருந்த பொடியன் மிகவும் மரியாதையாக, 'சேர், கல்லைக் கழுவி வைச்சிருக்கிறன்' என்றான். கருங்கல் பளபளவென்று மின்னியது. எங்கள் கோயில்களில் டியூப் லைட் முழுக்க உபயகாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்போமே, அதே வேலையை நாங்கள் காட்டுக்குள்ளும் செய்து முடித்திருந்தோம்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்களைக் கேட்டபோது இன்னொரு விஷயமும் புரிந்தது. வரட்சியில் குளத்துக்குத் தண்ணீர் நிரப்புவதே எப்போதும் சரியான வேலை என்று சொல்ல முடியாது. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மிருகம் கூடும். கூடினால் சுற்றியுள்ள புல் முதலில் தீரும், பிறகு மெலிவும் நோயும். எந்தக் குளத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று தெரிந்தவர்தான் முடிவு செய்யவேண்டும். மரம் நடுவதும் இப்படித்தான். பூங்காவுக்குள் ஆயிரம் கன்று நட ஒரு கம்பனி பஸ் பிடித்து வரும், ரீசேட்டும் தொப்பியுமாகப் படம் எடுத்துக்கொண்டு போகும். யானைக்கு வேண்டியது புல்வெளி. அங்கே இருக்கிற வேலை நடுவதைவிடப் பிடுங்குவதுதான். ஹோட்டன் சமவெளியில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்து பரவிய கோர்ஸ் முட்செடி, பூந்தலையில் சீமைக்கருவேலம். பிடுங்குகிற வேலையில் படம் அழகாக வராது என்பதால் அதற்கு ஆள் சேர்வதில்லை. நீங்கள் வேலை செய்யும் வங்கியில் இளைஞர்கள் இருந்தால், திணைக்களத்தின் அனுமதியோடு, அதற்குக் கூட்டிப் போங்கள். நல்ல சப்பாத்தும் தடித்த கையுறையும் வேண்டும்.

யானைக்குட்டி விஷயத்துக்கு வருகிறேன், அண்ணா கனடாவிலிருந்து மறுபடி அழைப்பு எடுப்பதற்குள். உடவளவையில் 1995இலிருந்து திணைக்களமே ஒரு யானைக்குட்டி இடைத்தங்கல் நிலையம் நடத்துகிறது. தாயை இழந்த, கிணற்றில் விழுந்த, காயம்பட்ட குட்டிகளை இங்கே கொண்டுவருவார்கள். இரவு பகலாக மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். பார்வையாளர் தள்ளி நின்று பார்க்கலாம், தொட முடியாது. ஏனென்றால் நான்கைந்து வயதில் அவற்றை மீண்டும் காட்டுக்குள் விடுவார்கள், மனிதரோடு ஒட்டிவிட்டால் அது நடக்காது. இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் அப்படிக் காடு திரும்பியிருக்கின்றன. பால் பெரிய செலவு, அதைப் பொறுப்பேற்பவர்களுக்கு 'வளர்ப்புப் பெற்றோர்' ஏற்பாடும் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொடுப்பதென்றால், இந்த நிலையத்துக்கு நீண்ட காலமாக உதவும் போர்ன் ஃப்ரீ அமைப்பு வழியாக அண்ணா கொடுக்கலாம். நல்ல காரியம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் குட்டி அங்கே வந்து சேருவது கதையின் கடைசிப் பக்கத்தில். கதை தொடங்குவது வயலில்.

அந்த வயலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 2011 கணக்கெடுப்பில் நம் நாட்டில் 5,879 யானைகள். 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, பெரும்பாலானவை மனிதரோடு வந்த மோதலில். அதே மோதலில் 120 பேரளவில் மனிதரும் செத்துப்போனார்கள். யானை இருப்பது பூங்காவுக்குள், மனிதன் இருப்பது வெளியே என்றுதான் கொழும்பில் நாம் நினைக்கிறோம். உண்மையில் யானை நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். பூங்கா எல்லையில் மின்வேலி போட்டால் பல இடங்களில் வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. வேலியை யார் பார்ப்பது? ஒருவரும் பார்ப்பதில்லை. கொடி படர்ந்து மின்சாரம் தரையில் இறங்கிவிடும், அல்லது யானையே ஒரு மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்த்துவிட்டு நடந்து போகும்.

இதற்கு மாற்றாக ஆராய்ச்சியாளர்கள் சில கிராமங்களில் செய்து காட்டியது எளிமையானது. வேலியைக் காட்டின் எல்லையிலிருந்து கழற்றி, ஊரையும் வயலையும் சுற்றிப் போடுவது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி. வயலுக்கு விதைப்பில் போட்டு அறுவடையில் கழற்றுகிற வேலி. கழற்றியதும் யானை உள்ளே வந்து வைக்கோலையும் தாளையும் தின்றுவிட்டுப் போகலாம், யாருக்கும் நட்டமில்லை. கமக்காரர் சங்கமே காசில் ஒரு பங்கு போடும், முறை வைத்துக் கொடி வெட்டும். தன் நெல் உள்ளே இருக்கிறது என்றால் வேலி தானாகவே துப்புரவாக இருக்கும். முழு வேலிக்கு உங்கள் மூன்று இலட்சம் காணாது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலிக்குப் பற்றரி மாற்ற, உடைந்த இன்சுலேற்றர் வாங்க என்று கொடுத்தால் அது ஒரு போகம் முழுவதும் வேலை செய்யும். பூங்காவுக்குள் ஒரு சதமும் செலவழிக்காமல் பூங்காவின் யானையைக் காப்பாற்றுகிற வழி இது.

சரி, எந்தச் சங்கம் என்று எப்படித் தெரிவுசெய்வது? பெயரைவிடப் பழக்கத்தைப் பாருங்கள். கடந்த இரண்டு வருடத்துக் கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கள். 'அனுப்புகிறோம்' என்று சொல்லி மூன்று வாரம் கழியுமென்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பதிவு எப்படி என்று கேளுங்கள். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியா, 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை நிறுவனச் சட்டத்தில் பதிந்ததா, தனிச் சட்டத்தால் அமைந்ததா என்று சொல்லத் தெரியவேண்டும். காசோலையைச் சங்கத்தின் பேரில் எழுதுங்கள், தலைவரின் பேரிலோ 'இணைப்பாளரின்' பேரிலோ ஒருபோதும் வேண்டாம். பற்றுச்சீட்டில் நோக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். 'நன்கொடை' என்று மட்டும் எழுதினால் அது அலுவலக வாடகைக்கும் போகலாம். வாடகையும் தேவைதான், அது களவல்ல. ஆனால் எது எங்கே போனது என்று நீங்கள் அறிந்திருக்கவேண்டும். முக்கியமாக, பொருளாகக் கொடுக்கிறீர்கள் என்றால் அது திணைக்களத்தின் பொருட்பதிவில் ஏறுகிறதா, அடுத்த மூன்று வருடப் பராமரிப்பு யாருடையது என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் பம்பி கற்றுத்தந்த பாடம் அது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிவைப்பது என் வழக்கம்.

பறவைப் பக்கம் நாட்டம் இருந்தால், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழு இருக்கிறது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் கூடும் இளம் விலங்கியலாளர் சங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நல்ல இடம். அங்கே கொடுக்கிற காசைவிட அனுப்புகிற பிள்ளை பெறுமதி. காட்டை வெட்டுகிறவர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கென்றே 1981 முதல் இருக்கும் சுற்றாடல் மன்றம் போன்றவற்றுக்குக் கொடுப்பதும் பூங்காவுக்குக் கொடுப்பதுதான். ஆனால் திவசத்துக்குக் கொடுத்த காசு வழக்கறிஞர் கட்டணமானது என்றால் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

வரிச்சலுகையில் பெரிதாக நம்பிக்கை வைக்கவேண்டாம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் தனியாள் கொடுக்கும் நன்கொடைக்கான கழிவு, நோயாளரையும் வறியோரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதற்கும் உச்ச எல்லை, வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, இரண்டில் குறைந்தது. அரசுக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் இந்த வருடத்து நிலைமையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சலுகைக்காகக் கொடுக்கும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்போது நம்மவர்கள் அதிகம் பேசாத பக்கம். தேசியப் பூங்கா என்ற சொல் வன்னியிலும் வடமராட்சி கிழக்கிலும் எப்படிக் காதில் விழுகிறது என்று கொழும்பில் இருக்கும் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, இராமர் அணை என்று நான்கு தேசியப் பூங்காக்கள் 2015இல் வடக்கில் பிரகடனமாயின. போருக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சனத்துக்கு, தாங்கள் மீன்பிடித்த களப்பிலும் மாடு மேய்த்த தரவையிலும் எல்லைக்கல் வந்து நின்றால், அதில் பூநாரையா தெரியும்? இன்னொரு காணி போயிற்று என்றுதான் தெரியும். அந்தக் கோபத்தை நான் பிழை என்று சொல்லமாட்டேன். பூநாரையும் வேண்டும், களப்புத் தொழிலும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு மேசை வேண்டும். அந்த மேசையில் தமிழில் பேசக்கூடிய சூழலியலாளர் உட்காரவேண்டும், அப்படியானவர்கள் மிகக் குறைவு. அந்தப் பக்கத்து மாணவர் ஒருவருக்குக் களஆய்வுக்குப் பஸ் காசும் தொலைநோக்கியும் வாங்கிக்கொடுப்பது, சுண்டிக்குளத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியாக எனக்குப் படுகிறது.

பூங்காவோடு தமிழ்ச் சனத்துக்கு ஏற்கெனவே பெரிய உறவு ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் சுற்றுலா என்று சொல்வதில்லை. கதிர்காமப் பாதயாத்திரை. செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்கள் ஒகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்குவது குமணைப் பூங்காவுக்குள், பிறகு யாலவுக்குள். ஆடிவேல் விழாவை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் காட்டுப்பாதை திறக்கும், பல்லாயிரம் பேர் நடப்பார்கள். அங்கே நம்முடைய தருமம் அலைமோதும். தண்ணீர்ப் பவுசர், அன்னதானம், பிஸ்கட், குளிர்பானம். அத்தனையும் நல்ல மனதோடு. ஆனால் பாதை மூடிய பிறகு பற்றையெல்லாம் போத்தலும் லஞ்ச் ஷீற்றும். மான் அதைத் தின்னும்.

ஒரு வருடம் குமுக்கன் ஆற்றங்கரையில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்தேன். சேலை முந்தானையில் முடிந்து இடுப்பில் ஒரு பித்தளை மூக்குப்பேணி. பவுசருக்குப் போய்ப் பேணியை நீட்டுவார், அண்ணாந்து குடிப்பார், உதறிவிட்டு மறுபடி முடிந்துகொள்வார். யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரமும் அந்த அம்மாவின் பேரில் ஒரு போத்தல்கூட விழுந்திருக்காது. பக்கத்தில் தொண்டர்கள் அரை லீற்றர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக உடைத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளைக் களைந்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ஒகந்தையிலும் அப்படி ஒரு மேசை போட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு ஓர் எவர்சில்வர் பேணியைக் கொடுக்க யாராவது முன்வந்தால் நான் என் பங்குக்கு வருவேன். அன்னதானத்துக்கும் குறைவில்லை, முருகனுக்கும் கோபம் வராது.

கடைசியாக, பகிர்ந்துகொள்வது பற்றி. காட்டைக் காப்பதும் காட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு கை. இரண்டாவது கை தமிழில் மெலிந்துபோய்க் கிடக்கிறது. பூங்காவொன்றின் அறிவிப்புப் பலகையில் தமிழ் வரியை வாசித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று அறிய ஆங்கில வரிக்குப் போகவேண்டியிருந்தது. தமிழில் விளக்கம் சொல்லும் வழிகாட்டி கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

சில வருடங்களுக்கு முன் புத்தளம் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகளை வில்பத்துவுக்குக் கூட்டிப்போனோம். பூங்காவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஒருவரும் அதுவரை உள்ளே போனதில்லை. எங்கள் ஜீப்பில் வந்த வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் சிங்களம் மட்டும். சாரதி புத்தளத்து முஸ்லிம் நானா, அவர்தான் தன் தமிழில் மொழிபெயர்த்தார். ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தி, 'மே பலு கஹ' என்றார் வழிகாட்டி. நானா வாய் திறக்குமுன் பின்சீற்றிலிருந்த ஒரு சிறுமி கத்தினாள்: 'சேர், இது பாலை! இதின்ர பழம் திண்டா சொண்டு ஒட்டும்.' வழிகாட்டிக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு அடுத்த மரத்தைக் காட்டி, 'வீர?' என்று கேட்டார். 'வீரை!' என்று ஜீப் முழுக்கச் சத்தம். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தில் ஏறும் என்று அவர் கையால் நடித்துக் காட்ட, தங்கள் ஊரில் பழம் பொறுக்கப் போய்க் கரடியைக் கண்டு ஓடிய பெரியப்பாவின் கதையை ஒரு பொடியன் சொன்னான். சிறுத்தையை நாங்கள் பார்க்கவில்லை. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அந்தப் பயணத்துக்குக் காசு போனது ஒரு பஸ், ஐந்தாறு ஜீப், அனுமதிச்சீட்டு, வாழையிலையில் கட்டிய சாப்பாட்டுப் பார்சல். அவ்வளவுதான். பொருட்பதிவும் இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை.

ஆகவே என்னைக் கேட்டால், தம்பி, மூன்று இலட்சத்தில் பெரும்பகுதியை இப்படி ஒரு பயணத்துக்கு வையுங்கள். எலுவன்குளம் வாசல் புத்தளம் பக்கத்துப் பாடசாலைகளுக்குக் கிட்ட. அதிபருக்கு இப்போதே எழுதினால்தான் வலயக் கல்வி அலுவலக அனுமதி நேரத்துக்குக் கிடைக்கும். மிச்சத்தைப் பயிர்வேலிக்கோ, யானைக்குட்டிப் பாலுக்கோ, அண்ணாவோடு பேசித் தீர்மானியுங்கள். அப்பாவின் பெயரைப் போடவேண்டும் என்று அம்மா விரும்பினால் பலகை வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் நாற்பது மரத்தின் பெயரும் இலைப் படமும் உள்ள ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, பின்னட்டையில் போடுங்கள். அப்பாவின் பழைய களக் குறிப்பேடுகள் வீட்டில் எங்கேயாவது இருக்கும், நில அளவைக்காரர் மரத்தின் பெயரை எழுதாமல் விட்டிருக்கமாட்டார்கள்.

ஆனி பாலைப்பழக் காலமும்தான். பிள்ளைகளோடு அம்மாவையும் கூட்டிப்போங்கள். ஜீப்பில் சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் இருத்தி, முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள். வில்பத்துவின் மணல் பாதை நன்றாகக் குலுக்கும்.